வெர்னாவின் ஏழு நிமிடங்கள்

2013 ஏப்ரல் 9, செவ்வாய்

பத்திரிகைப் புதிரை 6.31-க்கு முடித்துவிட்டேன். எழுத்துகளைக் கலைத்துப் போட்ட நான்கு சொற்களில் மூன்று, காபி இறங்குவதற்குள்ளேயே வந்துவிட்டன. நான்காவதுதான் படுத்தியது. எழுத்துகளை எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஏதோ மீன் பெயர் மாதிரியே தெரிந்தது. போடா என்று பென்சிலை வைத்துவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போனேன். தானாக வந்து நின்றது: 'தலையணை'. வட்டத்துக்குள் இருந்த எழுத்துகளைச் சேர்த்துப் படத்துக்குக் கீழே விடையை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சுவர்த் தொலைபேசியில் டுலூத்துக்கு ஒரு மணி. வைத்துவிட்டேன். 6.38-க்கு வெர்னாவிடமிருந்து இங்கே ஒரு மணி. அக்கா.

இன்றோடு தொடர்ந்து முப்பது நாள் நான்தான் முதல்! நாட்காட்டியில் வரிசையாக என் பெயரின் முதல் எழுத்து. இதற்கு முன்னால் என் அதிகபட்சம் ஆறு நாள். வெர்னா பேனாவால் எழுதுகிறவள். அவளுக்கு அடித்தல் திருத்தலே கிடையாதாம். இப்போது அந்தப் பேனாவை என்ன செய்கிறாளோ.

அவள் ஓரினைக் கட்டிக்கொண்டு டுலூத் போன வருடம் ஆரம்பித்தது இது, நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. அந்த ஊர்ப் பத்திரிகையிலும் எங்கள் ராக்ஃபோர்டு பத்திரிகையிலும் ஒரே நாளில் ஒரே புதிர். முதலில் முடித்தவள் ஒரு மணி அடித்துவிட்டு வைக்க வேண்டும். மற்றவள் முடித்ததும் ஒரு மணி. எடுக்கக்கூடாது, எடுத்தால்தானே காசு. பேச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை தனியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இப்போது இல்லை. பதினோரு வருடமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. மணி மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 10, புதன்

நான் 6.28. அவள் 6.35. முப்பத்தொன்று.

ஏப்ரல் 17, புதன்

இன்று மானம் போயிற்று. இரண்டாவது சொல் 'சல்லடை'. திருகாணித் தொழிற்சாலையில் முப்பது வருடம் சல்லடையோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது கண்ணில் படவில்லை. என் வீட்டுக்காரர் ரே இருந்திருந்தால் "அகராதியப் பாரேன், யாரு வந்து கேக்கப் போறா" என்றிருப்பார். அந்த மனுஷன் சீட்டாட்டத்திலும் அப்படித்தான்.

இன்று அவள் ஜெயித்துவிடுவாள் என்று ஒரு காதைத் தொலைபேசியிலேயே வைத்திருந்தேன். அது வாய் திறக்கவில்லை. 7.50-க்கு ஒரு வழியாக முடித்து மணி அடித்தேன். 7.57-க்கு அவள் மணி. நான் இவ்வளவு தடுமாறிய நாளிலும் எனக்குப் பின்னால்தான் வருகிறாள். வயசாகுது வெர்னா உனக்கு.

ஏப்ரல் 21, ஞாயிறு

தேவாலயத்தில் பிரசங்கம் முடிந்து காபி குடிக்கும்போது கிளாடிஸிடம் சொன்னேன், நாற்பத்திரண்டு நாள் என்று. நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். என் சங்கதி எல்லாம் தெரிந்த ஒரே ஆள், அந்தத் திமிரும் உண்டு.

"நாப்பத்திரண்டா? அடிப்பாவி, கேக் வெட்டலாமே! நீயும் உங்கக்காவும் பண்றது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஒரு மணி அடிக்கத் தெரிஞ்ச கைக்கு, ரெண்டாவது மணி வரைக்கும் புடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியாதா?"

"அவ நிக்கட்டுமே. பெரியவ அவதானே."

"பெரியவளாம். உங்க ரெண்டு பேரையும் ஒரு மூட்டையில போட்டுக் கட்டணும். சரி, கூப்பிடறவங்க பேசறதப் புடிச்சு வைக்கிற பதிவு மெஷினாவது வாங்கி மாட்டுடி. நான் கூப்பிட்டா நீ எடுக்கறதே இல்ல."

"நாலு வீடு நடந்து வந்தா உன் காலு தேஞ்சிடுமா?"

அவள் சொன்னது உண்மை. நான் எடுப்பதில்லை. இந்த வயதில் என்னை யார் கூப்பிடுகிறார்கள்? கூப்பிடுகிறவள் ஒருத்தி, அவள் ஒரு மணியோடு நின்றுவிடுவாள். அதற்கு மேல் அடித்தால் ஜன்னல் விற்கிறவன். பத்து மணிக்கு மேல் வாரத்துக்கு இரண்டு தடவை அடிக்கிறான். என் ஜன்னலுக்கு என்ன குறை?

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். தேவாலய வாசலில் எல்லோருக்கும் கார்னேஷன் பூ கொடுத்தார்கள். அம்மா உயிரோடு இருப்பவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்கு வெள்ளை. என் வரிசையில் எல்லாமே வெள்ளை.

அம்மா ஒன்பது வருடம் வெர்னா வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு நவம்பரில் வெர்னா அவளை முதியோர் இல்லத்தில் விட்டாள். பிப்ரவரியில் நுரையீரலில் சளி கட்டி அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்து, டுலூத்தில் அவர்கள் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் எல்லோரும் காகிதத் தட்டில் பன்றி இறைச்சி ரொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, ஊர் கேட்கச் சொன்னேன்: "ஒம்பது வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் மூணு மாசம் பொறுக்க முடியலையா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நீ மூணு நாள் வச்சிருந்தியா?" என்றாள். அவ்வளவுதான். நான் பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை 6.55-க்கு ஒரு மணி அடித்தது. நான் புதிரை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்து அவசர அவசரமாகப் போட்டுவிட்டுத் திருப்பி அடித்தேன். அது ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

மே 14, செவ்வாய்

ஒரு விஷயம் இப்போதுதான் உறைத்தது. நாட்காட்டியின் ஓரத்தில் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். 6.31 - 6.38. 6.28 - 6.35. 7.50 - 7.57. இன்று 6.40 - 6.47. ஏப்ரல் முழுக்க இப்படித்தான். அது எப்படி ஒருத்திக்குத் தினமும் சரியாக ஏழு நிமிடம் கழித்தே புதிர் முடியும்?

மே 15, புதன்

சோதித்தேன். 6.26-க்கு முடித்துவிட்டு மணி அடிக்காமல் உட்கார்ந்துகொண்டேன். ஏழு. எட்டு. தொலைபேசி சத்தம் இல்லை. துணி துவைத்தேன், காயப்போட்டேன். பத்து. பதினொன்று. மதியம் சரியாகப் பன்னிரண்டுக்கு ஒரு மணி அடித்தேன்.

பன்னிரண்டு ஏழுக்குத் திருப்பி அடித்தாள்.

புரிந்துபோயிற்று. விட்டுக்கொடுக்கிறாள்! அவள் எப்போதோ முடித்துவிட்டு, ஐயோ பாவம் தங்கச்சி ஜெயிக்கட்டும் என்று காத்திருந்து அடிக்கிறாள். சின்ன வயதில் பனிச்சறுக்கில் எனக்காக வேண்டுமென்றே விழுவாளே, அதே புத்தி. யாருடி உன்கிட்ட பிச்சை கேட்டா? அறுபத்தாறு நாள் நாட்காட்டியில் பெருமையாக எழுதி வைத்த நான்தான் முட்டாள்.

மே 16, வியாழன்

நாட்காட்டியைக் கழற்றி அலமாரிக்குள் வீசினேன். மணி மட்டும் அடித்தேன். ஏழு நிமிடம்.

மே 29, புதன்

ஏழு.

ஜூன் 8, சனி

கிளாடிஸின் மகன் டுவேன் டுலூத்திலிருந்து வந்திருக்கிறான். அங்கே ஏரியில் பிடித்துப் புகைபோட்ட மீன் எனக்கும் ஒரு பொட்டலம். கொடுத்துவிட்டுக் கிளாடிஸும் அவனும் என் சமையலறையிலேயே காபி குடிக்க உட்கார்ந்தார்கள்.

மீனை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, சுற்றியிருந்த பத்திரிகையைக் கசக்கப் போனேன். டுலூத் பத்திரிகை, இந்த வாரத்தது. புதிர்ப் பக்கம். சரி, பார்ப்போமே என்று எண்ணெயைத் துடைத்து விரித்தேன். குறுக்கெழுத்து இருந்தது. ராசிபலன் இருந்தது. என் புதிர் இருக்க வேண்டிய இடத்தில் எண்களை நிரப்பும் கட்டம் ஒன்று இருந்தது. பின்பக்கம் திருப்பினேன். அங்கேயும் இல்லை.

"இதுல அந்த எழுத்துப் புதிர் எங்கப்பா?"

"அதுவா அத்தை? பக்கத்தைக் குறைச்சாங்கல்ல, அப்பவே தூக்கிட்டாங்க. மார்ச்லயே. என் மாமியார் ஒரு வாரம் சாப்பாடு எறங்காம திட்டிக்கிட்டு இருந்தாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கும்னு சொன்னேன், அதுல யாரு போய்ப் பாப்பான்னுட்டாங்க."

வெர்னாவிடமும் கம்ப்யூட்டர் கிடையாது.

அலமாரிக்குள் இருந்து நாட்காட்டியை எடுத்தேன். என் முதல் வெற்றி மார்ச் பதினொன்று, திங்கள்.

அவளிடம் புதிரே இல்லை. மூன்று மாதமாக அவளிடம் போடுவதற்குப் புதிரே இல்லை. அவள் என்னிடம் தோற்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. தினமும் காலையில் எழுந்து வெறும் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்காகக் காத்திருந்து, பிறகு ஏதோ அப்போதுதான் முடித்தவள் மாதிரி... வெர்னா! பந்தயத்தில் தோற்றால் இரண்டு நாள் முகம் கொடுக்காதவள். தொண்ணூறு நாள் தினமும் தோற்றிருக்கிறாள்.

டுவேன் எழுந்து வெளியே போய்விட்டான். கிளாடிஸ் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 9, ஞாயிறு

6.33-க்கு மணி அடித்தேன். 6.40-க்கு வந்தது.

அந்த ஏழு நிமிடம் அவள் என்ன செய்கிறாள்?

மே பதினைந்து அன்று மதியம்வரை அவளை உட்கார வைத்தேனே. ஐயோ.

ஜூன் 10, திங்கள்

பெட்ரோல் பங்க் கடையில் இன்னொரு பத்திரிகை வாங்கி வந்தேன். புதிரை மட்டும் வெட்டி உறைக்குள் வைத்தேன். கூடவே ஏதாவது எழுதலாம் என்று நான்கு தாள் கிழித்ததுதான் மிச்சம். "அன்புள்ள வெர்னா" என்று எழுதினால் யாரோ வக்கீல் எழுதுவது மாதிரி இருக்கிறது. "அக்கா" என்று எழுதினால் கை அதற்கு மேல் நகரவில்லை. வெட்டிய துண்டை மட்டும் வைத்து ஒட்டி அனுப்பிவிட்டேன். அவளுக்குப் புரியும்.

இனி தினமும் இரண்டு பத்திரிகை.

ஜூன் 14, வெள்ளி

காலையில் வழக்கம்போல. 6.30, 6.37.

பலகாரத்துக்குத் தோட்டத்தின் புளிப்பு ருபார்ப் தண்டுகளை நறுக்கி, மாவு விரித்த தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன், கை முழுக்க மாவு. பத்தரைக்குத் தொலைபேசி. ஒன்பது தடவை அடித்தது, எண்ணினேன். நின்றது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஆறு தடவை. வரவர இந்த ஜன்னல்காரனுக்கு வெட்கமே இல்லாமல் போயிற்று. வேணாம்பா உன் ஜன்னல் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். பலகாரம் நன்றாக வந்தது. பாதி கிளாடிஸுக்கு.

ஜூன் 15, சனி

என் மணிக்கு ஒரு நிமிடத்திலேயே அவள் மணி வந்துவிட்டது. ஏழு இல்லை, ஒன்று! அப்படியானால் உறை போய்ச் சேர்ந்துவிட்டது. இனி நடிக்க வேண்டாம் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

தனியாக நின்று சிரித்தேன்.

ஜூன் 20, வியாழன்

டுலூத்திலிருந்து உறை. உள்ளே நான் அனுப்பிய முதல் துண்டு, நீலப் பேனாவில் நிரப்பியது. ஒரு அடித்தல் இல்லை. கடிதம் இல்லை. துண்டின் ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில்: "4 நிமிடம்."

பொய்! நாலு நிமிஷமாம்! எனக்கே பத்தொன்பது ஆயிற்று அந்தப் புதிர். பதினோரு வருடம் கழித்து எனக்கு எழுதுகிற முதல் வார்த்தையிலேயே பீற்றிக்கொள்கிறாள். குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் படித்துப் படித்து எனக்குக் கோபம் வருகிறது. கோபம் இவ்வளவு நன்றாக இருந்து எத்தனை நாளாயிற்று.

ஜூன் 25, செவ்வாய்

இன்று இரண்டு உறை. "3½." இன்னொன்றில் "6. அடுப்பில் மீன் இருந்தது."

நான் அனுப்பும் துண்டின் ஓரத்தில் நானும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இன்று எழுதியது: "புளுகு."

ஜூலை 2, செவ்வாய்

"புளுகு" திரும்பி வந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியிருக்கிறாள்: "கடிகாரத்தைக் கேட்டுப் பார்."

ஜூலை 7, ஞாயிறு

இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும். கிளாடிஸுக்குக்கூடச் சொன்னதில்லை.

அம்மாவை இல்லத்தில் விட்ட வருடம் அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெர்னா தொலைபேசியில் கேட்டாள். "மார்லிஸ், அம்மாவ ஒரு மூணு மாசம் நீ வச்சுக்க முடியுமா? என் முதுகு போச்சு. தூக்க முடியல. ராத்திரி ஆனா அழறேன்." வெர்னா என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. அதுதான் முதல் தடவை. நான் என்ன சொன்னேன்? வீட்டில் படி அதிகம் என்றேன். ரேவுக்கு நெஞ்சு சரியில்லை என்றேன். வசந்தம் வரட்டும், பார்க்கலாம் என்றேன். ரேவின் நெஞ்சு அப்போது நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அம்மாவைக் குளிப்பாட்ட, அம்மாவின் துணியை மாற்ற எனக்குப் பயம்.

பிறகு அதே நான் நூறு பேர் முன்னால் எழுந்து நின்று அவளைக் கேட்டேன். அவள் அந்த அக்டோபர் பேச்சை அங்கே போட்டு உடைத்திருக்கலாம். "இவளக் கெஞ்சினேன், மாட்டேன்னுட்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பேன்? அவள் சொல்லவில்லை. மூன்று நாள் என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

27-ஆம் தேதி அவளுக்கு எழுபத்தைந்து வயது. அன்று காலை மணி அடிப்பேன், வைக்க மாட்டேன். அவள் எடுக்கும்வரை அடிக்க விடுவேன். எடுத்ததும் வாழ்த்து எல்லாம் அப்புறம். முதலில் சொல்ல வேண்டியது: தப்பு என்னுதுதான் அக்கா. நீ கேட்ட, நான் மாட்டேன்னுட்டேன்.

இன்றே ஏன் அடிக்கக்கூடாது? ...இருபது நாள்தானே. பிறந்தநாள் என்றால் ஒரு சாக்கு இருக்கும்.

ஜூலை 15, திங்கள்

வந்த துண்டில் "11. இன்று கொஞ்சம் அசதி." எழுத்து ஓரத்தில் சரிந்திருக்கிறது. பதினொன்று என்று ஒப்புக்கொள்கிறாளே. வெயிலாக இருக்கும்.

ஜூலை 18, வியாழன்

6.29. அவள் 6.31. இன்னும் ஒன்பது நாள். என்ன பேசுவது என்று காபி போடும்போது சத்தமாகப் பேசிப் பார்த்தேன். "அக்கா, நான்தான்" என்பதையே நாலு தடவை மாற்றி மாற்றிச் சொன்னேன்.

ஜூலை 20, சனி

6.35-க்கு மணி அடித்தேன்.

6.36. 6.40. பழையபடி ஏழு நிமிடத்துக்குப் போய்விட்டாளோ என்று 6.42 வரை பார்த்தேன். ஏழு. ஏழரை. நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

8.20-க்கு அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் எடுத்தேன்.

"மார்லிஸ்? ஓரின் பேசறேன்."

அவர் வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். நேற்று சாயங்காலம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாளாம், பின்வாசல் நாற்காலியில். அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு.

"காலையில நீ மணி அடிச்சப்ப நான் போன் பக்கத்துலதாம்மா நின்னுக்கிட்டிருந்தேன். எடுத்துச் சொல்லணும்னுதான் நெனச்சேன். ஆனா அத எடுக்கக்கூடாதே. நாப்பத்தஞ்சு வருஷமா அந்தக் காலை மணிய நான் எடுத்ததில்ல."

ஜூலை 25, வியாழன்

நேற்று அடக்கம். கிளாடிஸ்தான் கார் ஓட்டினாள், ஏழு மணி நேரம். வழியில் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை.

அதே நிலவறைக் கூடம். அதே காகிதத் தட்டு, அதே பன்றி இறைச்சி ரொட்டி. நான் கடைசி மேசையில் உட்கார்ந்தேன். நான் எழுந்து நின்றுவிடுவேனோ என்று சிலர் பார்த்த மாதிரி இருந்தது. அவர்களைக் குறைசொல்ல முடியாது.

எல்லோரும் போன பிறகு ஓரின் என்னை அவர்கள் சமையலறைக்குக் கூட்டிப்போனார். தொலைபேசிக்குப் பக்கத்தில் அவள் நாற்காலி. மேசையில் என் உறைகள் மூன்று, அவள் போன பிறகு வந்தவை. ஒன்றை ஓரின் பிரித்துப் பேனாவால் முயன்றிருக்கிறார். ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். அதுவும் தப்பு.

"எனக்கு இதெல்லாம் வராது. சும்மா கெடக்குதேன்னு..." என்றார்.

ஜன்னல் விளிம்பில் முட்டை வேகவைக்க முறுக்கி வைப்பார்களே, அந்தச் சின்ன வட்டக் கடிகாரம் இருந்தது. ஓரின் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"புதிரு நின்னு போச்சா, அவளுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மறுநாள் நீ மணி அடிச்ச. அவ இத எடுத்து ஏழு நிமிஷத்துக்கு முறுக்கி வச்சா. போன்ல கைய வச்சுக்கிட்டு, இது அடிக்கற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பா. நான் கேட்டேன், உடனே அடிச்சாத்தான் என்னன்னு. சந்தேகம் வந்துடும்னா. புதிரு இல்லன்னு தெரிஞ்சா மார்லிஸ் மணி அடிக்கறதையும் நிறுத்திடுவான்னா."

நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மே மாசம் ஒரு நாள் நீ மதியம் வரைக்கும் அடிக்கல, ஞாபகம் இருக்கா? பத்து மணிக்கு கோட்டு போட்டுக்கிட்டா. காரை எடு, ராக்ஃபோர்டு போகணும்னா. பதினொண்ணுக்குப் பைய காருல வச்சா. நாந்தான் பன்னெண்டு வரைக்கும் பாப்போம், அப்புறம் கெளம்பலாம்னேன். அடிச்சிட்ட. கோட்டோடவே உக்காந்து இத முறுக்குனா."

ஐந்து நிமிடம் தாமதமாக அடித்திருந்தால் வந்திருப்பாள். அன்று சாயங்காலமே என் வாசலில் நின்றிருப்பாள். என் சோதனையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கக்கூடாதா நான்?

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருக்குத் தெரியாது, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"உன் மொத உறை வந்துதே, ஜூன்ல, ஒரு வெள்ளிக்கிழமை. பிரிச்சா. பாத்தா. நேரா போனை எடுத்து ஒனக்குப் போட்டா. ஒரு மணியோட வைக்கல. அடிக்க விட்டா. எனக்கே ஆச்சரியம். நீ எடுக்கல. மறுபடி போட்டா."

ஒன்பது தடவை. அப்புறம் ஆறு.

"...என்ன சொன்னா?"

"வீட்ல இல்ல போலிருக்குன்னேன் நான். இருக்கா, பத்தரைக்கு அவ எங்க போவா, எடுக்கலைன்னா. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னா. அப்புறம், சரி விடு, பேசப் புடிக்கல, ஆனா வெட்டி அனுப்பறாளே, அது போதும்னுட்டு பேனாவ எடுத்துக்கிட்டு உக்காந்துட்டா."

பேசப் பிடிக்கலையா. எனக்கா. மாவுக் கையோட அடுப்பப் பாத்து வேணாம்பான்னு சொன்னேன் அக்கா. ஜன்னல் விக்கிறவன்னு நெனச்சேன். நீ ஒரு மணியோட நிறுத்தறவதானே, ஒன்பது தடவ அடிச்சா அது நீன்னு எனக்கு எப்படித் தெரியும்? எப்படித் தெரியும்?

ஓரினிடம் சொன்னேன். எல்லாவற்றையும், அக்டோபரையும் சேர்த்து. அவர் தலையாட்டினார். "அக்டோபர் எனக்குத் தெரியும்மா. அவளும் அத எப்பவோ விட்டுட்டா" என்றார். விட்டுவிட்டாள் என்பதை அவரிடம் கேட்டு என்ன செய்ய? அவள் வாயால் கேட்டிருக்க வேண்டும். எடுத்திருந்தால் கேட்டிருப்பேன்.

ஜூலை 27, சனி

எழுபத்தைந்து.

புதிரைப் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பதிவு மெஷின் வாங்கலாமா என்றாள் கிளாடிஸ், பழைய நினைப்பில். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேண்டாம் என்றேன். இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன், குளியலறையில் இருந்தாலும் ஓடிவருகிறேன்.

இன்று பத்தே முக்காலுக்கு அடித்தது. எடுத்தேன். ஜன்னல்காரன்தான். நான் "சொல்லுப்பா" என்றதும் அவனுக்குப் பேச்சே வரவில்லை. யாரும் எடுப்பதில்லை போலிருக்கிறது. இரட்டைக் கண்ணாடி, குளிர் தாங்கும், பத்து வருட உத்தரவாதம் என்று முழுப்பாடமும் ஒப்பித்தான். கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூன் பதினான்காம் தேதி என்னைக் கூப்பிட்டாயா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. ஏன், அன்னிக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "நல்லா இருப்பா."

செப்டம்பர் 3, செவ்வாய்

ஓரினிடமிருந்து பொட்டலம். சட்டைத் துணியில் சுற்றிய முட்டைக் கடிகாரம். "என்கிட்ட இருந்தா நான் பாட்டுக்கு முட்டை வேகவைப்பேன்" என்று எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மறுபடி புதிர் போட ஆரம்பித்து ஒரு வாரம். பென்சிலை எறிந்துவிட்டு நீலப் பேனா. ஏகப்பட்ட அடித்தல்.

இன்று 6.41-க்கு முடிந்தது. மணி அடிக்கவில்லை. ஓரின் பாவம், தூங்கட்டும். நாற்காலியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கடிகாரத்தை ஏழுக்கு முறுக்கிவைத்து, அதன்மேல் ஒரு கையும் தொலைபேசியில் ஒரு கையுமாக உட்கார்ந்தேன். காபி ஆறிப்போயிற்று. பள்ளிக்கூடப் பேருந்து போயிற்று. கிளாடிஸ் நாயைக் கூட்டிக்கொண்டு போனாள், ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டினாள், எனக்கு ஆட்ட ஒரு கை இல்லை. இன்னும் பாதிகூட ஆகவில்லை.

ஏழு நிமிஷம் ரொம்ப நீளம் அக்கா.